பெரிய குழல் எவ்வளவு தூரம் கூட்டும்?

ஒலிம்பிக் ட்ராப், ஸ்கீட் போட்டிகளில் களம் இறங்குபவர்கள் தோளில் வைப்பது 12 போர் ஷாட்கன். விதி அதைக் கட்டாயப்படுத்தவில்லை. 12 போரோ அதைவிடச் சிறியதோ எதுவும் கொண்டுவரலாம் என்றே சொல்கிறது. விதி கறாராக இருப்பது தோட்டாவில்தான். உள்ளே இருக்கும் ரவையின் மொத்த எடை 24 கிராம், அதற்கு மேல் அரை கிராம் வரை மட்டும் சலுகை. ஒரு ரவையின் விட்டம் 2.6 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. 12 போருக்கு நெடுங்காலம் வழங்கிவந்த சுமை 32 கிராம். 24 கிராம் என்பது 20 போர் தோட்டாவின் வழக்கமான சுமைக்கு நெருக்கமானது. ஆக, உலகின் தேர்ந்த வீரர்கள் பெரிய குழலில் சின்னக் குழலின் சரக்கை வைத்துச் சுடுகிறார்கள். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா ஆடவர் ட்ராப் அணித் தங்கம் வென்றபோது, அந்த அணியில் இருந்த புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமான் சுட்டதும் இதே 24 கிராம்தான். பெரிய குழல் அதிக தூரம் அடிக்கும் என்று பரவலாக நம்பப்படுகிறது. அந்த நம்பிக்கையைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. சுமை ஒன்றாக இருக்கும்போது குழலின் பருமன் தனியாக என்ன தருகிறது, சுமை மாறும்போது தூரம் எவ்வளவு மாறுகிறது என்ற இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொண்டால் விடை தெளிவாகக் கிடைக்கிறது.

முதலில் அளவுகள். ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது சுமார் 454 கிராமை, 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை சரியாகப் பொருந்தும் குழல் 12 போர். அதன் உள்விட்டம் 18.5 மி.மீ. இருபதாகப் பிரித்தால் 20 போர், 15.6 மி.மீ. இருபத்தெட்டானால் 14 மி.மீ. எண் ஏற ஏறக் குழல் ஒடுங்கும். 410 மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது அங்குலத்தில் நேரடியாகச் சொன்ன விட்டம், 10.4 மி.மீ. இவற்றின் வழக்கமான சுமைகள் முறையே 32, 24, 21, 14 கிராம். 2.4 மி.மீ. ரவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.08 கிராம் இருக்கும். அப்படியானால் 32 கிராமில் சுமார் 400 ரவை, 24 கிராமில் 300, 21 கிராமில் 263, 14 கிராமில் 175.

குழலைவிட்டு வெளியேறிய ஒரு ரவையை மட்டும் எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் கிளம்பும் 2.4 மி.மீ. ஈய உருண்டையைக் காற்று எவ்வளவு தடுக்கும் என்பது அதன் விட்டம், அடர்த்தி, வேகம் மூன்றையும் பொறுத்தது. எந்தக் குழலிலிருந்து வந்தது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. 36 மீட்டர் போவதற்குள் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கையில் மிஞ்சும் ஆற்றல் சுமார் ஒன்றரை ஜூல். 12 போரிலிருந்து வந்தாலும் 410 போரிலிருந்து வந்தாலும் ஒரே வேகத்தில் கிளம்பிய ரவைக்கு இதே ஒன்றரை ஜூல்தான். ரவை அதிகபட்சம் எவ்வளவு தூரம் போய் விழும் என்பதற்கு பிரெஞ்சுத் தளபதி ழூர்னே வகுத்த விதி ஒன்று உண்டு: ரவையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2,200 ஆல் பெருக்கினால் தூரம் கெஜத்தில் வரும். 2.4 மி.மீ. ரவைக்கு இது 190 மீட்டர் அளவில் நிற்கும். சுடுதளங்களின் பாதுகாப்பு எல்லையை வகுக்க இன்றும் துணைநிற்கும் அந்தச் சூத்திரத்திலும் போர் எண் கிடையாது. எனவே ‘12 போர் பலமாக அடிக்கும்’ என்ற பேச்சு தனித்த ரவையைப் பற்றியதாக இருந்தால் அது தவறு. கூட்டத்தைப் பற்றியதாக இருந்தால் அதில் உண்மை இருக்கிறது. எவ்வளவு உண்மை என்பதைத்தான் அளந்து பார்க்க வேண்டும்.

கூட்டத்தை அளக்க நூற்றாண்டுக்கு மேலாக ஒரு முறை இருக்கிறது. 40 கெஜத்தில், அதாவது 36.6 மீட்டரில், பெரிய தாள் ஒன்றைக் கட்டிச் சுடுவார்கள். துளைகள் நெருக்கமாக விழுந்த இடத்தை மையமாக வைத்து 30 அங்குல, அதாவது 76 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வரைந்து, தோட்டாவில் இருந்த ரவையில் எத்தனை சதவீதம் அதற்குள் விழுந்தது என்று எண்ணுவார்கள். குழல் வாய் ஒடுங்காமல் நேராக இருந்தால் ஏறக்குறைய 40 சதவீதம் உள்ளே விழும். குழல் வாயருகே சற்றே ஒடுக்கினால் அது 50, 60, 70 என ஏறும். இந்த ஒடுக்கத்துக்குச் சோக் என்று பெயர். 12 போரில் ‘ஃபுல்’ சோக் என்பது விட்டத்தில் சுமார் ஒரு மில்லிமீட்டர் குறைப்பு, அவ்வளவே. 1866இல் நியூகாசிலைச் சேர்ந்த துப்பாக்கித் தயாரிப்பாளர் பேப் இதற்குக் காப்புரிமை பெற்றார்; அமெரிக்காவில் ஃபிரெட் கிம்பிள் தன் போக்கில் இதே உத்தியைக் கையாண்டார்; 1870களில் பர்மிங்காமின் கிரீனர் இதைப் பரப்பினார். நம் கேள்விக்கு இதில் முக்கியமானது, சதவீதத்தைத் தீர்மானிப்பது சோக்தான் என்பது. 20 போரில் 70 சதவீதம் தரும் சோக்கும் 12 போரில் 70 சதவீதம் தரும் சோக்கும் ஒரே அகலத்துக்குத்தான் ரவையைப் பரப்புகின்றன. பெரிய குழல் பெரிய வட்டம் போடும், சின்னக் குழல் குறுகிய வட்டம் போடும் என்று நினைப்பவர்கள் பலர். ஆனால் வட்டத்தின் அகலம் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குள் எத்தனை ரவை இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

அந்த வட்டத்துக்குள்ளும் ரவை சமமாக விழுவதில்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஓபர்ஃபெல், தாம்ப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஏராளமான தாள்களை எண்ணி, பரவல் மையத்தில் அடர்ந்து விளிம்பை நோக்கித் தேயும் மணிவடிவ வளைவை ஒட்டியிருக்கிறது என்று காட்டினார்கள். சதவீதம் மட்டும் தெரிந்தால் போதும், மற்ற அனைத்தையும் அந்த வளைவே சொல்லிவிடும். 70 சதவீதப் பரவலில் வட்டத்தின் விளிம்பில் இருக்கும் அடர்த்தி மையத்தில் இருப்பதில் பத்தில் மூன்று பங்குதான். தூரம் கூடும்போது கூட்டம் எல்லாத் திசையிலும் சேர்ந்து விரிகிறது. தூரம் இரட்டித்தால் அகலம் இரட்டிக்கும், அடர்த்தி கால்வாசியாகும். இந்த இரண்டு தகவலையும் வைத்துக்கொண்டால் எந்தத் தோட்டா எந்தத் தூரத்தில் கைவிடும் என்று காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம்.

இலக்கைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்போம். வானில் எறிந்து சுடப்படும் ஒலிம்பிக் தட்டின் விட்டம் 110 மி.மீ., உயரம் சுமார் 25 மி.மீ., எடை 105 கிராம். முழு முகத்தைக் காட்டினால் 95 சதுர செ.மீ. பரப்பு. விளிம்பை மட்டும் காட்டினால் அதிகபட்சம் 25. ட்ராப்பில் தட்டு சுடுபவரிடமிருந்து விலகிப் பறப்பதால் பெரும்பாலும் விளிம்பும் கொஞ்சம் வயிறும்தான் தெரியும். 40 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வது நியாயமானது. கண்ணுக்குத் தெரியும் ஒரு துண்டாவது உடைந்து பிரிந்தால்தான் அது வெற்றி. தூசி மட்டும் கிளம்பினால் கணக்கில் சேராது. ஒற்றை ரவை பட்டுத் துளை விழுந்தும் உடையாமல் தரையிறங்கிய தட்டுகளைச் சுடுதளங்களில் பொறுக்கி எடுக்கலாம். ஆகவே அந்த 40 சதுர செ.மீ.-இல் சராசரியாக 2 ரவையாவது விழும் இடத்தை மட்டுமே பயனுள்ள இடம் என்று கொள்கிறேன். அந்த அளவுக்கு ரவை நெருங்கியிருக்கும் வட்டத்தின் ஆரம் எவ்வளவோ அவ்வளவுதான் வீரர் செய்யக்கூடிய குறிப்பிழை.

நான்கு சுமைகளுக்கும் ஒரே 70 சதவீதச் சோக் என்று வைத்துக் கணக்கிட்டால், 20 மீட்டரில் 32 கிராமின் பயனுள்ள ஆரம் 26 செ.மீ., 24 கிராமுக்கு 24, 14 கிராமுக்கு 20. பெரிய வித்தியாசம் இல்லை. 30 மீட்டரில் 32 கிராமின் ஆரம் 30 ஆக விரிகிறது, 24 கிராமின் ஆரம் 26 ஆகிறது, 14 கிராமின் ஆரமோ 16 ஆகச் சுருங்குகிறது. 40 மீட்டரில் 32 கிராம் 29 செ.மீ. ஆரத்தைத் தக்கவைத்துக்கொள்கிறது, 24 கிராம் 20க்கு இறங்குகிறது, 28 போரின் 21 கிராம் 15க்கு வருகிறது, 14 கிராமுக்குப் பயனுள்ள வட்டமே மிஞ்சுவதில்லை. மையத்தில்கூட ரவை போதாது. இந்த எண்களில் நான் முக்கியமாகக் கருதுவது அவற்றின் போக்கை. கூட்டம் மெல்ல மெல்லப் பலவீனப்படுவதில்லை. ஒரு தூரம் வரை பயனுள்ள வட்டம் விரிந்துகொண்டே போகிறது, பிறகு சில மீட்டருக்குள் செங்குத்தாகச் சரிந்து மறைகிறது. 24 கிராமுக்கு 40 மீட்டரில் 20 செ.மீ. இருந்த ஆரம் 45 மீட்டரில் 10 செ.மீ. கூட இல்லை. போர் அளவுகளுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு இந்தச் சரிவு எங்கே தொடங்குகிறது என்பதுதான். அருகில் சுட்டுப் பார்த்து ஒப்பிடுபவர்களுக்கு இது கண்ணில் படவே படாது. அமெரிக்க ஸ்கீட்டில் நான்கு போர்களுக்கும் தனித்தனிப் போட்டி உண்டு, 410 உட்பட. அங்கே தட்டுகள் ஒன்றையொன்று கடக்கும் புள்ளி சுடுமேடைகளிலிருந்து சுமார் 19 மீட்டர். 410 போரிலும் அங்கே தேர்ந்தவர்கள் மிக உயர்ந்த மதிப்பெண் எடுப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தத் தூரம் எல்லாச் சுமைகளின் சரிவுக்கும் வெகு முன்னால் இருக்கிறது. அந்த மதிப்பெண்ணை வைத்து 410 போர் 40 மீட்டருக்கும் போதும் என்று முடிவுகட்டுவதுதான் தவறு.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. அடர்த்தி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், எட்டும் தூரம் ரவை எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். 24 கிராமிலிருந்து 32 கிராமுக்குப் போனால் சரக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. தூரம் கூடுவது 15 சதவீதம். சுமையை இரட்டித்தாலும் தூரம் 41 சதவீதம்தான் நீளும். மறுபக்கம் பின்னுதைப்பு வர்க்கமாக ஏறுகிறது. அதே துப்பாக்கியில் அதே வேகத்தில் 24 கிராமுக்குப் பதில் 32 கிராம் சுட்டால், தோளில் இறங்கும் ஆற்றல் முக்கால் பங்குக்கு நெருக்கமாகக் கூடுகிறது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தோட்டா சுட்டுப் பயிற்சி எடுப்பவருக்கு அந்த விலை மிக அதிகம். சோக்கை மாற்றினால் என்ன ஆகும்? 50 சதவீதம் தரும் சோக்கிலிருந்து 70 சதவீதம் தரும் சோக்குக்குப் போனால் மைய அடர்த்தி 1.74 மடங்காகிறது, எட்டும் தூரம் 32 சதவீதம் நீளுகிறது. 410 போரின் 14 கிராமிலிருந்து 20 போரின் 24 கிராமுக்குத் தாவினால் கிடைப்பது 31 சதவீதம். குழல் வாயில் முக்கால் மில்லிமீட்டர் ஒடுக்கம் தரும் பலனும் இரண்டு போர் அளவு ஏறிக் கிடைக்கும் பலனும் ஏறக்குறைய ஒன்று! தூரத்துக்காகத் துப்பாக்கியையே மாற்ற நினைப்பவர் முதலில் சோக்கைக் கவனிக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. சோக்குக்கும் ஒரு விலை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. நெருக்கிய பரவல் 20 மீட்டரில் இறுகிப்போய்க் குறிப்பிழைக்கு இடம் குறைக்கும். கூடுதல் ரவையோ எல்லாத் தூரத்திலும் உதவும்.

இங்கே நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று எழும். குழலின் பருமனுக்குத் தனியாக எந்தப் பங்கும் இல்லை, ரவை எண்ணிக்கைதான் எல்லாம் என்றால், 24 கிராமைச் சுடும் ஒலிம்பிக் வீரர்கள் லேசான 20 போரை ஏன் எடுப்பதில்லை? பழக்கம் ஒரு காரணம், கனமான துப்பாக்கி சீராகச் சுழலும் என்பது இன்னொன்று. ஆனால் இயற்பியலிலும் ஒரு காரணம் இருக்கிறது, அது தோட்டாவுக்குள்ளேயே நடக்கிறது. 24 கிராம் ரவையைக் குழலின் முழு அகலத்துக்கும் நிரப்பினால் 12 போரில் அடுக்கின் உயரம் சுமார் 14 மி.மீ.; 20 போரில் 19. 410 போரில் 14 கிராமே 25 மி.மீ. உயரத்துக்கு நிற்கும். அதாவது 12 போரில் ஆறு வரிசை, 20 போரில் எட்டு, 410 போரில் பத்துக்கும் மேல். வெடிமருந்து பற்றியதும் இந்த அடுக்கு முக்கால் மீட்டர் நீளக் குழலுக்குள் நிலையிலிருந்து நொடிக்கு 400 மீட்டர் வேகத்துக்கு ஏறுகிறது. சராசரி முடுக்கமே புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 11,000 மடங்கு வரும். உச்சத்தில் அது பல மடங்கு கூடும். சராசரி முடுக்கத்திலேயே 0.08 கிராம் ரவை ஏறக்குறைய ஒரு கிலோ எடைபோல அழுத்தும். அடிவரிசை ரவை தன் தலைக்கு மேலுள்ள அத்தனை ரவையின் பாரத்தையும் அந்தக் கணம் தாங்க வேண்டும். ஈயம் மென்மையானது, நசுங்குகிறது. நசுங்கிய ரவை காற்றில் நேராகப் போகாது, வேகமும் சீக்கிரம் இழக்கும். கூட்டத்தைவிட்டு விலகி ஓரத்துக்கோ பின்னுக்கோ போய்விடும். வரிசை கூடக் கூட நசுங்குவதும் கூடும். ஒடுங்கிய குழலில் அழுத்தமும் அதிகம்: அமெரிக்கத் தரவிதிகள் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 12 போருக்கு 793 பார், 20 போருக்கு 827, 28 போருக்கு 862, மூன்று அங்குல 410 தோட்டாவுக்கு 931. சின்னக் குழல்களில் குழல் சுவரை ஒட்டி உரசும் ரவையின் பங்கும் பெரிது. இந்த உரசலைத்தான் ரவையைத் தாங்கிச் செல்லும் பிளாஸ்டிக் கிண்ணம் பெருமளவு தடுக்கிறது.

நசுங்கல்தான் காரணம் என்பதற்கு எஃகு ரவை நல்ல சாட்சி. எஃகு அந்த அழுத்தத்தில் நசுங்காது. அதே சோக்கில் சுட்டால் எஃகு ரவை ஈயத்தைவிட நெருக்கமாக விழுகிறது. ஈயத்தில் ஆன்டிமனி சில சதவீதம் கலந்து கடினமாக்கினாலும் பரவல் மேம்படுகிறது. குழல் மாறவில்லை, சோக் மாறவில்லை, ரவையின் கடினம் மட்டும் மாறியது, பரவலும் மாறியது. ஆகவே குழலின் பருமன் பரவலைப் பாதிப்பது உண்மைதான். அது நேரடியாகப் பாதிப்பதில்லை, அடுக்கின் உயரம் வழியாகப் பாதிக்கிறது. கடினமான ரவையும் நல்ல கிண்ணமும் இருந்தால் அந்தப் பாதிப்பின் பெரும்பகுதி அடங்கிவிடும். சதவீதத்தின் கடைசி சில புள்ளிகளுக்காகப் போராடும் ஒலிம்பிக் வீரருக்கு எஞ்சியதும் பெரிது. பொழுதுபோக்காகச் சுடுபவருக்கு அந்த வேறுபாடு சோக் மாற்றத்தின் முன் நிற்காது.

28 போரைப் பற்றி ஒரு புகழ்ச்சி நெடுநாளாக உலவுகிறது: அதன் சுமையில் அடுக்கின் உயரமும் குழலின் விட்டமும் சமம், அதனால் அது தன் அளவுக்கு மீறி அடிக்கும் என்பார்கள். கணக்கு இதை ஏற்பதில்லை. 21 கிராம் ரவை 14 மி.மீ. குழலில் ஏறக்குறைய 20 மி.மீ. உயரத்துக்கு நிற்கும்; உயரமும் விட்டமும் சமமாக வருவது 12 போரில், 32 கிராமில். பின் அந்தப் புகழ் எங்கிருந்து வந்தது? 28 போரை மக்கள் பெரும்பாலும் 410 போரோடு ஒப்பிடுகிறார்கள். 21க்கும் 14க்கும் இடையிலான வர்க்கமூல விகிதம் 1.22, எட்டும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். 20 போரோடு ஒப்பிட்டாலோ குறைவு 6 சதவீதம்தான். கீழே இருப்பதைவிட வெகுவாக மேல், மேலே இருப்பதற்கு மிக அருகில் என்றால் அது அதிசயத் துப்பாக்கியாகத் தெரிவது இயல்பு.

அனுபவசாலிகள் எழுப்பும் கனமான மறுப்பு வேறு. தாள் அசையாமல் நிற்கிறது, பறவையோ தட்டோ அசைகிறது. ரவைக்கூட்டம் தட்டையாக வருவதில்லை, நீளமாக வருகிறது. 36 மீட்டரில் தலைக்கும் வாலுக்கும் இடையே இரண்டு மூன்று மீட்டர்கூட இருக்கலாம். தலை இலக்கை அடைந்த பிறகு வால் வருவதற்குள் இலக்கு நகர்ந்துவிடும், தாளில் எண்ணிய அடர்த்தி வானத்தில் கிடைக்காது, நீண்ட அடுக்குடைய சின்னக் குழல்களுக்கு இது பெரிய தண்டனை என்பது வாதம். டெக்சாஸ் பத்திரிகையாளர் பாப் பிரிஸ்டர் 1970களில் இதை நேரடியாகவே சோதித்தார். 16 அடி நீளத் தாள் பொருத்திய டிரெய்லரைக் காரில் கட்டி, அவருடைய மனைவி மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் ஓட்டிச் செல்ல, அவர் 40 கெஜத்திலிருந்து சுட்டார். நீண்டு இழுபட்ட பரவல்கள் தாளில் பதிந்தன. கடினமான ரவை நிரப்பிய தோட்டாக்களின் வால் குறுகியது, மென்ரவை நிரப்பிய மலிவுத் தோட்டாக்களின் வால் நீண்டது. அந்தத் துணிச்சலான பரிசோதனை மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் அதன் பலனை எண்ணாக்கிப் பார்த்தால் அச்சம் குறைகிறது. கூட்டத்தின் நீளம் இரண்டரை மீட்டர், வேகம் நொடிக்கு 200 மீட்டர் என்றால் முழுவதும் கடந்துபோக 12.5 மில்லி நொடி. குறுக்கே நொடிக்கு 20 மீட்டர் பறக்கும் இலக்கு அதற்குள் 25 செ.மீ. நகரும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. எனினும் ரவையில் பெரும்பகுதி கூட்டத்தின் நடுவில் செறிந்திருக்கிறது, ஏற்கெனவே இருக்கும் பக்கவாட்டுப் பரவலோடு இந்த இழுவை நேராகக் கூடுவதுமில்லை. இரண்டின் வர்க்கங்கள்தான் கூடுகின்றன. முடிவில் அடர்த்தி குறைவது 3 சதவீதம் அளவுக்கே. வால் இருமடங்கு நீண்ட மோசமான தோட்டாவுக்கு 11 சதவீதம் வரை போகும், எட்டும் தூரத்தில் அது சுமார் 6 சதவீத இழப்பு. விலகிப் பறக்கும் ட்ராப் தட்டுக்கு இன்னும் குறைவு. வாலால் வரும் இந்த இழப்பு உண்மைதான். ஆனால் நசுங்கல் ஏற்கெனவே காட்டிய அதே குறையின் இன்னொரு முகம் அது, அளவில் சின்னது.

‘நானே தாளில் சுட்டுப் பார்த்தேன், 20 போர் தோற்றது’ என்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். எத்தனை தாள் என்பதுதான் கேள்வி. 300 ரவையில் 70 சதவீதம் உள்ளே விழும் தோட்டா, வெறும் தற்செயலால் மட்டுமே ஒரு தாளில் 67, இன்னொன்றில் 73 என்று காட்டும். உண்மையில் வெடிமருந்து எரிவதிலும் கிண்ணம் பிரிவதிலும் உள்ள மாறுபாடுகள் சேர்ந்து இந்த ஊசலாட்டம் இன்னும் அகலமாக இருக்கும். இரண்டு துப்பாக்கிக்கு ஒவ்வொரு தாள் சுட்டு 5 சதவீத வேறுபாடு கண்டால் அதில் செய்தி ஒன்றுமில்லை. ஒரே தோட்டாவைப் பத்து முறையாவது சுட்டு, சராசரி எடுத்து, இரண்டு பக்கமும் ரவையின் அளவும் கடினமும் வேகமும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால்தான் போர் அளவைப் பற்றிப் பேச முடியும். விளம்பரங்களில் வரும் ஒற்றைத் தாள் படத்தை நம்பித் துப்பாக்கி வாங்குவது பெரும்பாலும் அதிர்ஷ்டத்துக்குக் காசு கொடுப்பதாகவே முடியும்.

குழலின் பருமன் மறுபடி முக்கியமாகும் இடம் ஒன்று இருக்கிறது, அது ஈயத்துக்குப் பிந்திய காலம். நீர்ப்பறவைகள் ஈய ரவையை விழுங்கி நஞ்சேறிச் சாவதால் அமெரிக்கா 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் நாடு முழுதும் அதைத் தடை செய்தது. டென்மார்க் 1996இல் ஈய ரவையையே விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரி முதல் ஈரநிலங்களில் அதற்கு இடமில்லை. இந்தத் தடைகள் நியாயமானவை, காலம் தாழ்ந்து வந்தவை. ஈயத்தின் இடத்துக்கு முதலில் வந்து நிற்பது எஃகு. எஃகின் அடர்த்தி 7.8, ஈயத்தின் அடர்த்தி 11.3. ஒரே எடைக்கு எஃகு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் கேட்கும். லேசான ரவையைக் காற்று சீக்கிரம் தடுத்துவிடும் என்பதால் பெரிய ரவை தேவை. ஒலிம்பிக் விதியின் உச்சமான 2.6 மி.மீ.-க்கே போனாலும் அது 2.4 மி.மீ. ஈயத்தைவிட விரைவாக வேகமிழக்கும். எண்ணிக்கையில் குறைவில்லை, 24 கிராம் எஃகில் 2.6 மி.மீ. ரவை 330க்கு மேல் தேறும். பரவலும் நெருக்கமாக விழும். ஆனால் அதை அடைக்க இடம் வேண்டும். 12 போரில் அந்த அடுக்கு 19 மி.மீ. உயரத்தில் அடங்கும், அதாவது 20 போரில் ஈயம் நிற்கும் அதே உயரம். 20 போரில் 27 மி.மீ. ஆகும், குழல் சுவரை எஃகு கீறாமல் இருக்கத் தடித்த கிண்ணமும் சேர்ந்தால் வழக்கமான தோட்டாக் கூட்டுக்குள் வெடிமருந்துக்கு மிஞ்சும் இடம் குறுகிப்போகும். 410 போரில் நிலைமை இன்னும் நெருக்கடி: 14 கிராம் எஃகே 36 மி.மீ. உயரத்துக்கு நிற்கும்.